24 பவுனுக்கு ஜகாத் எவ்வளவு? முதலில், அந்த நகை யாருடையது?

கேள்வி: பிறந்த வீடு ராமநாதபுரம் கடற்கரையில் ஒரு ஊர், நாங்கள் ஷாஃபி. வாக்கப்பட்டது திண்டுக்கல் பக்கம், இவர்கள் ஹனஃபி. என் கழுத்துக்கும் கைக்கும் என்று 24 பவுன் கணக்கு இருக்கிறது: வாப்பா போட்டது 16, மஹராக, அதாவது நிக்காஹில் கணவர் தந்தது 3, நிக்காஹ் அன்று மாமியார் கழுத்தில் போட்ட ஆரம் 5. வாப்பா போட்டதில் 4 பவுன் இரண்டு வருஷமாக வங்கியில் அடகில் கிடக்கிறது, கணவரின் கடைக்காக. தையலில் சேர்த்த 60,000 ரூபாய் என் கணக்கில் இருக்கிறது. "போடுகிற நகைக்கு ஜகாத் இல்லை" என்கிறார் உம்மா. "கொடுத்தே ஆக வேண்டும்" என்கிறார் மாமியார். கல்யாணமாகி ஆறு வருஷம் ஆகியும் இதுவரை கொடுத்ததில்லை. கொடுப்பதானால், ஆஸ்பத்திரிச் செலவில் நொடித்துப்போயிருக்கும் என் தங்கச்சிக்குக் கொடுக்கலாமா?

பதில்: பெண்கள் மதரஸாவில் பாடம் நடத்துகிறவள் நான். ரஜப் மாதம் பிறந்தாலே என் போனுக்கு நகைப் படங்கள் வர ஆரம்பித்துவிடும். பத்தில் ஒன்பது பேர் கேட்பது "எத்தனை சதவீதம்?" என்றுதான். அது 40-ல் ஒரு பங்கு, அதாவது இரண்டரை சதவீதம்; பள்ளிக்கூடப் பிள்ளைகூடப் போட்டுவிடும். கஷ்டமான கேள்வி வேறு. அது உங்கள் கடிதத்திலேயே நாலு இடத்தில் ஒளிந்திருக்கிறது: இது யாருடையது?

கலிமா, தொழுகை, நோன்பு, ஹஜ் ஆகியவற்றோடு இஸ்லாத்தின் ஐந்து கடமைகளில் ஒன்று ஜகாத், செல்வத்தில் ஒரு பங்கை உரியவர்களுக்குக் கொடுக்கும் கட்டாய தர்மம். தொழுகை எப்படி ஆளாளுக்குத் தனியோ ஜகாத்தும் அப்படியே. குடும்பத்துக்கு ஒரு கணக்கு என்பதே கிடையாது. கணவரின் கடை கணவர் கணக்கில், மாமியாரின் வளையல் மாமியார் கணக்கில், உங்கள் நகை உங்கள் கணக்கில். ஐந்து பேரின் நகையையும் ஒரே தட்டில் போட்டு "வீட்டில் மொத்தம் 40 பவுன்" என்று சொல்பவர்களிடம் நான் பிரித்து எழுதிக்கொண்டு வரச் சொல்வேன். ஆளுக்கு எட்டு எட்டாகப் பிரிந்து, தங்கக் கணக்கில் ஒருவருக்குமே கடமையாகாமல் போவதும் உண்டு.

எவ்வளவு இருந்தால் கடமையாகும் என்ற எல்லைக்குப் பெயர் நிஸாப். தங்கத்துக்கு அன்றைய தங்கக் காசான தினார் 20, வெள்ளிக்கு வெள்ளிக் காசான திர்ஹம் 200. ஒரு தினார் 4.25 கிராம் என்று வைத்தால் 85 கிராம் வரும். நம் நாட்டு ஹனஃபி ஆலிம்கள் (மார்க்க அறிஞர்கள்) ஏழரைத் தோலா கணக்கில் 87.48 கிராம் என்பார்கள். பவுனுக்கு எட்டு கிராம் போட்டால் இரண்டுமே பத்தரைக்கு மேல், பதினொன்றுக்குள். ஊரில் "11 பவுன்" என்று சொல்வது இதைத்தான். வெள்ளி நிஸாப் 595 கிராம். தோலா கணக்கில் 612.36 கிராம். நபி (ஸல்) காலத்தில் 20 தினாரும் 200 திர்ஹமும் ஏறக்குறைய ஒரே மதிப்பு. ரோமர் தங்கக் காசும் பாரசீக வெள்ளிக் காசும் மதீனா சந்தையில் பக்கத்துப் பக்கத்தில் புழங்கின. பிறகு தங்கத்தோடு ஒப்பிட்டால் வெள்ளியின் மதிப்பு வெகுவாக இறங்கிவிட்டதால் இன்று அந்த இரண்டு எல்லைகளும் மலையும் மடுவுமாக நிற்கின்றன. இது ஏதோ வரலாற்றுச் செய்தி என்று தள்ளிவிடாதீர்கள். கடைசியில் உங்கள் தங்கச்சி விஷயத்தில் இது திரும்ப வரும்.

இனி உம்மாவும் மாமியாரும். இரண்டு பேர் சொல்வதும் சரி, அவரவர் மத்ஹபில், அதாவது ஷாஃபி, ஹனஃபி என்று அவரவர் பின்பற்றும் மார்க்கச் சட்ட வழியில். அரபுக் கடல் வணிகத் தொடர்பில் வளர்ந்த கீழக்கரை, காயல்பட்டினம், அப்படியே கேரளக் கரை, இலங்கை, எல்லாம் ஷாஃபி. உள்நாட்டு ராவுத்தர் ஊர்கள் பெரும்பாலும் ஹனஃபி. கரையும் உள்நாடும் சம்பந்தம் செய்துகொள்ளும்போது நகைக் கணக்கு அடுப்படியில் வந்து மோதும்.

ஹனஃபிகள் காட்டும் ஹதீஸில் (நபிமொழியில்) ஒரு பெண் மகளோடு நபியவர்களிடம் வருகிறார். மகள் கையில் இரண்டு கனத்த தங்கக் காப்பு. "இதற்கு ஜகாத் கொடுக்கிறாயா?" என்று கேட்கிறார்கள். "இல்லை" என்றதும், அவற்றுக்குப் பதில் நெருப்புக் காப்பு போடப்பட்டால் உனக்குச் சந்தோஷமா என்று கேட்க, அந்தப் பெண் அங்கேயே கழற்றி வைத்துவிடுகிறார். ஷாஃபிகள் காட்டுவது நபியவர்களின் மனைவி ஆயிஷா (ரலி) அவர்களின் நடைமுறை: தம் பொறுப்பில் வளர்ந்த, தகப்பனை இழந்த சகோதரன் பெண்களுக்கு நகை இருந்தது, அதற்கு அவர்கள் ஜகாத் கொடுக்கவில்லை. தங்கம் எந்த உருவில் இருந்தாலும் தங்கம்தான் என்கிறது ஒரு வழி. போட்டுக்கொள்ளும் நகை உடுத்தும் துணி மாதிரி என்கிறது மற்றது.

ஷாஃபியிலும் அந்த விலக்கு அளவில்லாதது அல்ல. பீரோவில் முதலீடாகப் பூட்டி வைக்க வாங்கியதற்கும், காசு, பிஸ்கட்டுக்கும் அது பொருந்தாது. வரம்பு மீறிய நகைக்கும் பொருந்தாது. இதற்கு ஷாஃபி அறிஞர் நவவி இமாம் காட்டும் உதாரணம் 200 தினார் எடையுள்ள கால்சிலம்பு. கணக்குப் போட்டால் 850 கிராம், 106 பவுன்! வகுப்பில் இதைச் சொன்னதும் பிள்ளைகள் சிரிப்பார்கள். நம் கல்யாண மண்டபங்களை நினைத்தால் எனக்கு முழுசாகச் சிரிப்பு வருவதில்லை.

நீங்கள் எந்தப் பக்கம்? நிக்காஹ் உங்கள் மத்ஹபை மாற்றாது. கணவர் ஹனஃபி என்பதற்காக நீங்கள் ஹனஃபி ஆகிவிட மாட்டீர்கள். இன்னமும் ஷாஃபி முறையில் தொழுது, ஷாஃபி முறையில் ஒளு எடுப்பவராக இருந்தால், போடும் நகைக்கு ஜகாத் இல்லை என்ற உம்மா பேச்சு உங்களுக்குச் செல்லும். அப்போது மிஞ்சுவது 60,000 ரூபாய்தான். அது அன்றைய விலையில் 595 கிராம் வெள்ளியைத் தொட்டு, ஒரு சந்திர வருஷமும் கடந்திருந்தால் 1,500 ரூபாய். ஆனால் ஆறு வருஷமாக எல்லாவற்றிலும் ஹனஃபியாக நடந்துவிட்டு, ரமலான் நெருங்கும்போது மட்டும் கடற்கரைக்கு ஓடி வருவது எனக்குப் பிடிக்காத காரியம். மனசு எந்தப் பக்கம் இருக்கிறது என்று உங்களுக்கே தெரியும். கருத்து வேறுபாட்டிலிருந்து வெளியேறப் பேணுதலாகக் கொடுத்துவிடுவதை ஷாஃபி ஆலிம்களும் நல்லது என்றே சொல்வார்கள். கொடுத்தால் உம்மா கோபித்துக்கொள்ளப் போவதில்லை.

ஹனஃபி கணக்கை இப்போது போட்டுப் பார்ப்போம்.

வாப்பா போட்டது உங்களுடையது. மஹர் சந்தேகமே இல்லாமல் உங்களுடையது; கணவருக்கு அதில் ஒரு குன்றிமணி உரிமை இல்லை. சிக்கல் மாமியாரின் ஆரத்தில். அன்பளிப்பாகக் கொடுத்தாரா, "வீட்டு நகை, நீ போட்டுக்கோ" என்று இரவலாகக் கொடுத்தாரா? அன்பளிப்பானால் உங்கள் கணக்கு, இரவலானால் அவர் கணக்கு. எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் மாமியார் மவுத்தான நாற்பதாம் நாள் இதே மாதிரி ஓர் ஆரத்தை நடுவில் வைத்துக்கொண்டு மகள்களும் மருமகளும் உட்கார்ந்திருந்தார்கள். "கொடுத்தாங்க" என்றார் மருமகள், "போட்டுக்கத்தான் கொடுத்தாங்க" என்றார்கள் மகள்கள். சாட்சி சொல்ல வேண்டியவர் கபுரில். அத்தனை வருஷமும் அந்த ஆரத்துக்கு இரண்டு பேருமே ஜகாத் கொடுக்கவில்லை, ஒவ்வொருவரும் மற்றவருடையது என்று நினைத்து. ஆகவே கூச்சப்படாமல் கேளுங்கள். "மாமி, ஜகாத் கணக்கு எழுதுறேன், இந்த ஆரத்தை உங்க பேர்ல எழுதவா, என் பேர்ல எழுதவா?" இப்படிக் கேட்டால் பங்கு கேட்ட மாதிரி இருக்காது. கொடுத்தே ஆக வேண்டும் என்று சொன்னவரே அவர்தானே, பதில் சொல்வார்.

அடகில் இருக்கும் 4 பவுன்: ஹனஃபியில் அடகு வைத்தவர் கையில் பொருள் இல்லாததால், அடகில் கிடக்கும் காலத்துக்கு அதற்கு ஜகாத் இல்லை, மீட்ட பிறகும் அந்த வருஷங்களுக்குத் திரும்பிப் போய்க் கொடுக்க வேண்டியதில்லை. கடன் உங்கள் பேரில் என்றால் அது உங்கள் கடன், ஹனஃபியில் கழித்துக்கொள்ளலாம். ஆனால் அந்தப் பணத்தைக் கணவருக்குக் கடனாகத்தானே கொடுத்தீர்கள்? அப்படியானால் அவரிடமிருந்து உங்களுக்கு வர வேண்டியதும் அதே தொகை. ஒன்றுக்கொன்று நேராகிவிடும், விட்டுவிடுங்கள். (அந்த அடகுக்குப் போகும் வட்டி தனிப் பேச்சு. சீக்கிரம் மீட்கப் பாருங்கள்.)

மிச்சம் 20 பவுன், ஆரம் உங்களுடையதானால். அதாவது 160 கிராம். கல், அரக்கு எடையைக் கழித்துவிட்டு எழுத வேண்டும். நகைக்கடையில் எடை போட்டுத் துண்டுச் சீட்டு கேட்டால் தருவார்கள். செய்கூலி, சேதாரம் எல்லாம் சேராது. 160-க்கு 40-ல் ஒன்று 4 கிராம், அரைப் பவுன். ஆரம் மாமியாருடையது என்றால் 120 கிராம், ஜகாத் 3 கிராம். தங்கமாகக் கொடுக்க வேண்டியதில்லை. கொடுக்கும் நாளில் பழைய 22 காரட் தங்கத்தைக் கடைக்காரர் எடுத்துக்கொள்ளும் விலையைப் போட்டுப் பணமாகக் கொடுக்கலாம். கூடவே 60,000-க்கு 1,500 ரூபாய். கையில் பணம் இல்லாவிட்டால் உங்கள் சம்மதத்தோடு கணவர் கட்டலாம். அது அவருடைய உபகாரம், கடமை உங்களுடையதுதான்.

விட்டுப்போன ஆறு வருஷத்துக்கும் கொடுக்க வேண்டும். காலம் கடந்தால் கரைந்துபோகிற கடன் அல்ல ஜகாத். நபியவர்கள் மறைந்ததும், கி.பி. 632-ல், தொழுவோம் ஆனால் ஜகாத் தர மாட்டோம் என்று சில கோத்திரங்கள் நின்றபோது, அன்று கொடுத்துவந்த ஒட்டகக் கயிற்றை மறுத்தாலும் விட மாட்டேன் என்று எழுந்தவர் முதல் கலீஃபா அபூபக்கர் (ரலி). உங்களுக்கு முதல் நாலு வருஷம் அடகு இல்லை. 24 பவுனும் கையில், வருஷத்துக்கு 4.8 கிராம். பின் இரண்டு வருஷம் 4 கிராம். முந்தைய ஆண்டின் பாக்கி அடுத்த ஆண்டுக் கணக்கில் கடனாகக் கழிவதால் கொஞ்சம் கொஞ்சம் குறையும். அந்தப் பொடிக் கணக்கையும் அந்தந்த வருஷத்து ரொக்கத்தையும் உங்கள் ஊர் ஹஜரத்திடம் உட்கார்ந்து போட்டுக்கொள்ளுங்கள். ஒரே மூச்சில் முடியாவிட்டால் மாதாமாதம் கொடுத்துத் தீர்க்கலாம். ஒரு முறை கொடுத்த பொருளுக்கு மறுபடி இல்லை என்ற பேச்சும் தமிழ்நாட்டில் சில வருஷங்களாகக் கேட்கிறது. நான்கு மத்ஹபுகளும் வருஷா வருஷம் என்றே சொல்கின்றன. நானும் அப்படித்தான் பாடம் நடத்துகிறேன்.

வருஷம் என்றால் பிறைக் கணக்கு, 354 நாள். மார்ச் 31 என்று வைத்துக்கொள்பவர்களுக்குச் சுமார் 33 வருஷத்தில் ஒரு வருஷத்து ஜகாத் சத்தமில்லாமல் காணாமல் போகும். ரமலானில்தான் கொடுக்க வேண்டும் என்றும் இல்லை. நீங்கள் முதன்முதலாக நிஸாபை அடைந்த பிறைதான் உங்கள் கணக்கு நாள், அநேகமாக அது உங்கள் நிக்காஹ் நாள்.

கடைசியாகத் தங்கச்சி. பெற்றவர்களுக்கும் பெற்ற பிள்ளைகளுக்கும் ஜகாத் கொடுக்க முடியாது. கூடப் பிறந்தவர்களுக்குக் கொடுக்கலாம். தர்மத்தின் நன்மையோடு உறவைப் பேணிய நன்மையும் சேரும். உள்ளூரில் ஏழைகள் இருக்க வெளியூருக்கு அனுப்பக் கூடாது என்பது ஷாஃபியில் வலுவான சொல். ஹனஃபியில் சொந்தக்காரருக்கு என்றால் அனுப்புவதில் குறையில்லை. ஆனால் தங்கச்சியிடம் நகை ஏதும் இருக்கிறதா? இரண்டு பவுன் சங்கிலி ஒன்று இருந்தாலே, இன்றைய விலையில் அது 612 கிராம் வெள்ளியைத் தாண்டிவிடும். ஹனஃபி கணக்கில் அவர் வாங்கத் தகுதியில்லாதவர் ஆகிவிடுவார், ஆஸ்பத்திரிக் கடன் அவர் பேரில் இருந்தால் ஒழிய. அந்தக் கடன் அவர் பேரிலா, தங்கச்சி மாப்பிள்ளை பேரிலா?

மாப்பிள்ளை பேரில் என்றால் கடனாளி அவர். குர்ஆன் ஜகாத்துக்கு எண்ணிச் சொல்லும் எட்டு வகையினரில் கடன்பட்டவரும் ஒருவர். தங்கச்சியிடம் கொடுக்காமல் அவர் கணக்குக்கே அனுப்புங்கள். ஜகாத் என்று சொல்ல வேண்டியதில்லை. அனுப்பும்போது ஜகாத் என்ற நிய்யத் (எண்ணம்) உங்கள் மனசில் இருந்தால் போதும். "பெருநாள் செலவுக்கு வச்சுக்கங்க" என்றுகூடச் சொல்லலாம்.