ஹெவி மெட்டலில் இத்தனை சோகமா?

கேள்வி: கல்லூரியில் படிக்கும் என் மகன் எந்நேரமும் ஹெவி மெட்டல் என்ற ராக் இசையைக் கேட்கிறான். இரைச்சல் என்று திட்டிக்கொண்டிருந்த என்னையே, பிளாக் சப்பாத் குழுவின் 'சேஞ்சஸ்' என்ற பாட்டு கலங்க வைத்துவிட்டது. அலறுகிற கூட்டத்துக்கு இப்படியொரு சோகம் எங்கிருந்து வந்தது?
– வாசகி ஒருவர், காட்பாடி

பதில்: அலறலும் அழுகையும் அவர்களிடம் ஒரே இடத்திலிருந்துதான் பிறக்கின்றன என்பேன். 1968இல் இங்கிலாந்தின் பர்மிங்காம் என்ற ஆலை நகரத்தில் உருவான குழு அது. அதன் கிதார் கலைஞர் டோனி அயோமி, 17 வயதில் உலோகத் தகட்டு ஆலையில் வேலை பார்த்தபோது இயந்திரத்தில் சிக்கி வலக்கையின் இரண்டு விரல் நுனிகளை இழந்தார். இடக்கைப் பழக்கமுள்ள அவருக்குத் தந்திகளை அழுத்த வேண்டிய கையே அதுதான். உருக்கிய பிளாஸ்டிக்கில் விரலுறை செய்து, அதன்மேல் தோலை ஒட்டிக்கொண்டு (ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கத்தவர்களுக்குத் தோலின் பிடிமானத்தைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை) மறுபடியும் வாசிக்கத் தொடங்கினார். வலி தெரியாதிருக்க மெல்லிய தந்திகளைக் கட்டியவர், 1971இல் வந்த மூன்றாவது ஆல்பத்தில் கிதாரின் சுருதியையும் நன்றாக இறக்கினார். அந்தத் தாழ்ந்த, கனத்த ஒலியைத்தான் பின்னால் வந்த எத்தனையோ குழுக்கள் பின்பற்றின.

நீங்கள் கேட்ட பாட்டு 1972இல் வெளியான நான்காவது ஆல்பத்தில் இருக்கிறது. அதில் கிதாரும் இல்லை, டிரம்ஸும் இல்லை. அயோமியே பியானோ வாசிக்க, வயலின் கூட்டத்தைப் போல ஒலிக்கும் மெலட்ரான் என்ற கருவி பின்னால் நிற்க, ஆசி ஆஸ்பர்ன் பாடுகிறார். டிரம்ஸ் கலைஞர் பில் வார்டின் மணவாழ்க்கை முறிந்ததை ஒட்டி எழுதப்பட்ட வரிகள் அவை. ஆசியின் குரல் பயிற்சியால் மெருகேறிய குரல் அல்ல. ஒரே வரியை எந்த அலங்காரமும் சேர்க்காமல் அவர் திரும்பத் திரும்பப் பாடுவதனால்தான், பாதி புரிந்தும் புரியாமலும் கேட்கிற நமக்குக்கூடத் தொண்டை அடைக்கிறது. உங்கள் வட ஆற்காட்டுப் பக்கத்துப் பாரதக் கூத்தில் படுகளத்தன்று எழும் ஒப்பாரியை எண்ணிப் பாருங்கள்: விடிய விடியப் பாடிக் கரகரத்துப்போன தொண்டையிலிருந்து வருவதாலேயே அந்த அழுகையை நாம் நம்புகிறோம், தேன் தடவிய குரலாக இருந்தால் எழுந்து காப்பி குடிக்கப் போய்விடுவோம்.

ஆகவே சோகப் பாட்டை மட்டும் பொறுக்கி எடுத்துக் கேட்காதீர்கள். ஆல்பத்தில் 'சேஞ்சஸ்' மூன்றாவதாக வருகிறது. அதற்கு முன்னால் வரும் இரண்டு பாட்டுகளின் பாரத்தைத் தாங்கிய காதுக்குத்தான் அந்தப் பியானோவின் அருமை முழுதாகத் தெரியும். அந்த இரண்டு பாட்டு முடியும்வரை, மகனிடம் ஒலியைக் குறைக்கச் சொல்லாமல் பொறுத்துக்கொள்ளுங்கள்.