தண்ணில இறக்கும்போது விமானத்தோட சக்கரத்தை ஏன் வெளிய விட மாட்டாங்க?

சக்கரம் வெளிய இருந்தா முதல்ல தண்ணியைத் தொடுறது அதுதான், அந்த வேகத்துல தண்ணி அதைப் புடிச்சு இழுத்துடும், பின்னாடி வர்ற மொத்த எடையும் முன்னாடி சாய்ஞ்சு மூக்கு குத்திடும், இல்லனா சக்கரக் காலே பிச்சுக்கிட்டுப் போயிடும். தண்ணிலயும் தரையிலயும் இறங்குற குட்டி விமானங்கள்ல சக்கரத்தை மடக்க மறந்து தலைகீழா கவுந்து உயிர் போன விபத்துங்க நிறைய இருக்கு, ரொம்ப வேதனையான விஷயம் அது.

2009 ஜனவரி 15, நியூயார்க் ஹட்சன் ஆத்துல ஏர்பஸ் ஏ320-ஐ இறக்குனப்போ சக்கரம் உள்ளயே மடங்கிதான் இருந்துச்சு. வழவழன்னு இருந்த அடிவயிறு தண்ணி மேல வழுக்கிட்டுப் போய் நின்னுச்சு. அப்பவும் வால் பக்கம் அடி கிழிஞ்சு, கீழ இருந்த ஒரு உலோகத் துண்டு தரையைப் பொத்துக்கிட்டு வந்து பின்னாடி இருந்த பணிப்பெண் காலைக் கிழிச்சுடுச்சு. ஆனா 155 பேரும் பிழைச்சாங்க.