புஃபே சாப்பாடும் சலரோகமும்

கேள்வி: வயது 61. கிளிநொச்சிப் பக்கம் வயல் செய்கிறேன். எட்டு வருடமாகச் சலரோகம். மெட்ஃபோர்மினும் கிளிக்லசைட்டும் காலையும் இரவும் போடுகிறேன். கனடாவிலிருந்து வரும் மகளும் மருமகனும் எல்லாரையும் வவுனியாவில் ஒரு ஹோட்டலுக்கு இரவு புஃபே சாப்பிடக் கூட்டிப் போகிறார்கள். அன்றைக்கு மத்தியானச் சாப்பாட்டை விட்டுவிட்டு, இரவு ஒரு குளிசை கூடப் போட்டால் சமாளிக்கலாமா? ஆளுக்கு இவ்வளவு என்று காசு கட்டின இடத்தில் கொஞ்சமாக எடுத்தால் மருமகன் என்ன நினைப்பாரோ என்றும் இருக்கிறது. கோப்பையில் மிச்சம் வைக்க எனக்கு மனம் வராது. கஞ்சிக்கு வரிசையில் நின்ற ஆட்கள் நாங்கள்.

பதில்: ஐயா, தாராளமாகப் போய்ச் சாப்பிட்டு வாருங்கள். ஆனால் மத்தியானம் பட்டினி, இரவில் கூடுதல் குளிசை, இரண்டுமே வேண்டாம்.

கிளிக்லசைட் கணையத்தை இன்சுலின் சுரக்க வைக்கும் குளிசை. வயிற்றில் சோறு இருக்கிறதா இல்லையா என்று அது பார்ப்பதில்லை. காலையில் அதைப் போட்டுவிட்டு மத்தியானம் சாப்பிடாமல் விட்டால், ஓமந்தை தாண்டுவதற்குள் கை நடுங்கி வியர்த்துக் கொட்டலாம். இரவில் கூடப் போட்டாலோ, வீட்டுக்கு வந்து நல்ல நித்திரையில் இருக்கும்போது சீனி இறங்கும். அதுதான் எனக்குப் பயம். மெட்ஃபோர்மினைக் கூட்டினாலும் அந்த ஒரு சாப்பாட்டுக்குப் பெரிதாக உதவாது, வயிற்றைக் கலக்குவதுதான் மிச்சம். வழக்கமான அளவே போதும். இரவுக் குளிசையை மட்டும் வீட்டில் போட்டுவிட்டு வாகனத்தில் ஏறாதீர்கள். ஹோட்டலில் சாப்பாடு திறந்து வைத்ததைக் கண்ட பிறகு போடுங்கள். இப்படியான விருந்துகள் நேரத்துக்குத் தொடங்கி நான் கண்டதில்லை.

முறிகண்டியில் எப்படியும் நிற்பீர்கள். பிள்ளையாரைக் கும்பிட்டுவிட்டு ஒரு கைப்பிடி கச்சான் சாப்பிட்டால், கொலைப்பசியோடு போய் இறங்க வேண்டியதில்லை. ஆனால் நடுக்கம், வியர்வை, தலைச்சுற்று வந்தால் கச்சான் சரிவராது. மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடியுங்கள். 15 நிமிடத்தில் குறையாவிட்டால் இன்னொரு தடவை. கொஞ்சம் சீனியைப் பொட்டலமாகச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, இனி சாப்பாட்டுக்கு வருவோம். என்னைக் கேட்டால், சலரோகக்காரருக்குக் கலியாண வீட்டுப் பந்தியை விடப் புஃபே லேசு. பந்தியில் நீங்கள் இலையைக் கையால் மறித்தாலும் விரல் இடுக்கால் சோறு விழும். இங்கே கரண்டி உங்கள் கையில் இருக்கிறது. முதலில் வெறுங்கையோடு ஒரு சுற்று நடந்து என்ன என்ன இருக்கிறது என்று பாருங்கள். பிறகு மரக்கறி, சலாட், மீன் அல்லது இறால் மட்டும் எடுத்து வந்து இருந்து ஆறுதலாகச் சாப்பிடுங்கள். இவை முதலில் உள்ளே போனால், பின்னால் வரும் சோறு சீனியை ஏற்றும் வேகம் குறையும். இரண்டாவது தடவைதான் சோறு. ஒரு கப் சோற்றில் ஏறத்தாழ 45 கிராம் மாச்சத்து இருக்கிறது, அதோடு நிறுத்துங்கள். சோறு எடுத்தால் நூடில்ஸும் கொத்துரொட்டியும் இல்லை. இடியப்பமும் அந்தக் கணக்கில்தான் வரும். சிவப்பரிசி என்றாலும் அளவு அளவுதான். வட்டிலப்பத்தைக் கண்டால் ஆசை வரும். இரண்டு கரண்டி எடுங்கள், சோற்றில் அவ்வளவைக் குறையுங்கள். ‘அது சீனியில்லை, கித்துள் கருப்பட்டிதானே’ என்பது மனதுக்குச் சொல்லும் ஆறுதல், இரத்தத்துக்கு அது தெரியாது. குளிர்பானத்தைத் தொடாதீர்கள். 330 மில்லிலீட்டர் கோலாவில் ஏழு தேக்கரண்டிக்குக் குறையாத சீனி. மருமகன் மதுவை நீட்டினால், கிளிக்லசைட் போடுகிறேன், இரவில் சீனி இறங்கிவிடும் என்று சொல்லி மறுத்துவிடுங்கள்.

மருமகனின் மனம் நோகுமா என்று கேட்டீர்கள். காசு கதிரைக்குக் கட்டியாயிற்று. நீங்கள் எவ்வளவு எடுத்தீர்கள் என்று யாரும் நிறுக்கப் போவதில்லை. குவித்து எடுத்துவிட்டு எறிந்தால்தான் பார்ப்பவர்களுக்கு முகம் சுருங்கும். சில இடங்களில் மிச்சத்துக்குத் தனியாகக் காசும் வாங்குவார்கள். உங்களைப் போல மிச்சம் வைக்க மனம் வராதவர்கள்தான் இதில் அதிகம் மாட்டுவது: கை நீண்டு எடுத்துவிடும், பிறகு எறிய முடியாமல் முழுவதையும் சாப்பிட்டு முடிப்பீர்கள். அதனால் ஒவ்வொன்றிலும் ஒரு கரண்டிதான். எத்தனை தடவை எழும்பிப் போனாலும் குறையில்லை. ஒவ்வொரு தடவையும் புதுக் கோப்பை எடுப்பதுதான் முறை. இறால் கறிக் கரண்டியை மரக்கறிக்குள் விடாதீர்கள், சைவக்காரரும் வருவார்கள். வீட்டில் நிற்கும் ஆளுக்குப் பாசல் கட்டக் கேட்காதீர்கள், புஃபேயில் அந்த வழக்கம் இல்லை.

சாப்பிட்டு முடிந்ததும் வாகனத்தில் ஏறாமல் பேரப்பிள்ளைகளோடு பத்து நிமிடம் முற்றத்தில் நடங்கள். வீட்டில் மெஷின் இருந்தால், சாப்பிடத் தொடங்கி இரண்டு மணி நேரத்தில் குத்திப் பாருங்கள். 180க்குள் நின்றால் நல்லது. தாண்டினாலும் பயந்துபோய் அந்த நேரத்தில் குளிசை போடாதீர்கள். காலையில் வெறுவயிற்றுச் சீனியையும் பார்த்து, இரண்டையும் கிளினிக் கொப்பியில் எழுதி அடுத்த தவணைக்குக் கொண்டுபோங்கள்.