அந்தக் காசுல கையெழுத்து யாரோடது? டிஜிட்டல் பணம் பத்தி நம்ம வேலூர் ஜனங்க கேட்ட கேள்விங்க

ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கம் பேங்க்ல ஃபாரெக்ஸ் சீட்ல 20 வருஷத்துக்கு மேல உக்காந்தவன் நான், இப்போ தோட்டப்பாளையத்துல இன்கம் டாக்ஸ் ஃபைலிங் பண்ணிக்கிட்டு இருக்கேன். கிரிப்டோ, இ-ரூபாய்னு வாட்ஸ்அப்ல வர்ற கேள்விங்க ரொம்ப சேர்ந்துபோச்சு, அதுல கொஞ்சம் எடுத்து மொத்தமா பதில் எழுதுறேன். யார் பேரும் போடல, ஊரு மட்டும்தான்.

படிக்கிறதுக்கு முன்னாடி பாக்கெட்ல இருந்து ஒரு நூறு ரூபா நோட்டை எடுத்துப் பாருங்க. இதை வெச்சிருக்கிறவருக்கு நூறு ரூபா தர்றேன்னு உறுதி சொல்லி கீழ ஆர்பிஐ கவர்னர் கையெழுத்து போட்டிருப்பாரு. எந்தப் புதுப் பணம் வந்தாலும் நான் முதல்ல தேடுறது அந்தக் கையெழுத்தைத்தான்.

சத்துவாச்சாரி, மளிகைக் கடைக்காரர்: சார், கடையில ஜிபே ஸ்டிக்கர் ஒட்டி வெச்சிகீறேன், அதுவும் டிஜிட்டல் பணம்தானே, அப்புறம் இந்த இ-ரூபாய் இன்னாத்துக்கு தனியா?

ஜிபே, போன்பே எல்லாம் பணம் இல்லண்ணே, அது நம்ம பேங்குக்கு நாம குடுக்குற உத்தரவு, "என் கணக்குல இருந்து இவருக்கு 200 ரூபா மாத்து"ன்னு சொல்றோம் அவ்ளோதான். பேங்க்ல இருக்குற காசு பேங்க் நமக்குத் தர வேண்டிய கடன். பேங்க் முழுகிட்டா 5 லட்சம் வரைக்கும்தான் இன்சூரன்ஸ். இ-ரூபாய் அப்படி இல்ல, அது ஆர்பிஐ நேரா வெளியிடுற காசு, நோட்டு மாதிரியே, பேப்பர்ல இல்லாம போன் வாலட்ல இருக்கு. இதுக்காகவே 2022-ல ஆர்பிஐ சட்டத்துல பேங்க் நோட்டுன்னா டிஜிட்டல் வடிவமும் சேர்த்திதான்னு திருத்தம் கொண்டு வந்தாங்க, அதே வருஷம் டிசம்பர் 1-ம் தேதி பொதுமக்களுக்கான சோதனை ஆரம்பிச்சுது, முதல்ல மும்பை, டெல்லி, பெங்களூரு, புவனேஸ்வர்.

உங்க கடைக்கு புது ஸ்டிக்கர் தேவையில்ல. இருக்குற யுபிஐ க்யூஆரையே இ-ரூபாய் ஆப்ல ஸ்கேன் பண்ணலாம், காசு உங்க பேங்க் கணக்குக்கு வந்துரும். ஆனா ஒண்ணு, வாலட்ல வெச்சா வட்டி கிடையாது, பெட்டியில நோட்டு வெச்சா வட்டி வருமா அது மாதிரிதான். அதனாலயோ என்னவோ ஜனங்க இன்னும் பெருசா எடுத்துக்கல, 2025 மார்ச்ல புழக்கத்துல இருந்த இ-ரூபாய் சுமார் 1,016 கோடி, அதே நேரம் நோட்டு 36 லட்சம் கோடிக்கு மேல. நீங்க அவசரப்பட வேண்டியது ஒண்ணும் இல்ல.

குடியாத்தம், தையல் வேலை செய்யுற அம்மா: டெலிகிராம்ல ஒரு குரூப்புல சேர்த்துவிட்டாங்க சார், யுஎஸ்டிடி (ஒரு டாலருக்கு ஒரு காயின்னு வர்ற கிரிப்டோ) வாங்கி அவங்க ஆப்ல போட்டேன், 90 ஆயிரம் போட்டது 4 லட்சம்னு காட்டுது, எடுக்கப் போனா 40 ஆயிரம் டாக்ஸ் கட்டுன்னு சொல்றாங்க, கட்டட்டுமா?

கட்டாதீங்கம்மா. ஒரு ரூபா கூட கட்டாதீங்க.

இவங்க நேர்லயே வந்தாங்க, அதனால விவரமா சொல்றேன், இது நம்ம ஊர்ல நிறைய பேருக்கு நடக்குது. போன்ல அந்த ஆப்பைத் திறந்து காட்டினாங்க, பச்சை கலர்ல நம்பர் ஏறிக்கிட்டே இருக்கு, பார்க்கவே அழகா இருக்கு. நான் அதை விட்டுட்டு அவங்க காயின் அனுப்பின அட்ரஸை (கணக்கு நம்பர் மாதிரி) மட்டும் காப்பி பண்ணி பிளாக் எக்ஸ்ப்ளோரர்ல, அதாவது காயின் எங்க போச்சுன்னு தேடிப் பார்க்கிற வெப்சைட்ல போட்டேன். பிளாக்செயின்ல ஒரு நல்லது என்னன்னா அது எல்லாரும் பார்க்கலாம்னு திறந்து வெச்ச பேரேடு, எந்த அட்ரஸ்ல இருந்து எதுக்கு எப்போ எவ்வளவு போச்சுன்னு யாரும் மறைக்க முடியாது, அழிக்கவும் முடியாது. அவங்க அனுப்பின காயின் அந்த அட்ரஸ்ல 11 நிமிஷம்தான் இருந்துச்சு, அடுத்து வேற அட்ரஸ், அங்க இருந்து இன்னொண்ணு. அந்த 4 லட்சம் ஆப்ல மட்டும் இருக்குற எழுத்து, வேற எங்கயும் இல்ல. அந்தம்மா ஸ்க்ரீனையே பார்த்துக்கிட்டு ரொம்ப நேரம் பேசல, அப்புறம் "சீட்டு எடுத்து போட்டேன் சார்"னாங்க.

டாக்ஸ் விஷயம் தெளிவா வெச்சுக்கோங்க. நம்ம நாட்டுல கிரிப்டோ வரியை நாம ரிட்டர்ன்ல கணக்கு காட்டி அரசாங்கத்துக்கு கட்டுறோம், டிடிஎஸ்னா விக்கிற தொகையிலயே பிடிச்சுக்குவாங்க, எடுக்குறதுக்கு முன்னாடி தனியா காசு அனுப்புன்னு கேட்டா அவன் திருடன்தான், இதுல சந்தேகமே வேணாம். உடனே 1930-க்கு போன் பண்ணுங்க, சைபர்கிரைம் போர்ட்டல்லயும் புகார் போடுங்க, பேங்க் வழியா போன ரூபாய்னா சீக்கிரம் சொன்னா நிறுத்தி வைக்க வாய்ப்பு இருக்கு, நேரம் ஆக ஆக அந்த வாய்ப்பு குறைஞ்சுகிட்டே போகும். அந்த குரூப் சாட், அனுப்பின அட்ரஸ், யுபிஐ ரெஃபரன்ஸ் நம்பர் எதையும் அழிக்காதீங்க. வெட்கப்பட்டு வீட்டுல சொல்லாம இருக்காதீங்கம்மா, ஏமாத்தினவன்தான் வெட்கப்படணும்.

2022-ல நம்ம வடாற்காடு பக்கம் மாசாமாசம் பெரிய வட்டின்னு சொல்லி எத்தனை குடும்பத்தை தெருவுல விட்டாங்கன்னு எல்லாருக்கும் தெரியும், நகையை வெச்சு, நிலத்தை வித்து போட்டாங்க. அதே ஆசையைத்தான் இப்போ காயின் பேரு சொல்லி கிளப்புறாங்க. எனக்கு இதுல ரொம்ப கோபம் வருது, ஏன்னா ஒரு நல்ல தொழில்நுட்பத்தோட பேரை இப்படி அழிக்கிறாங்க.

காட்பாடி, காலேஜ் ஸ்டூடண்ட்: பிட்காயினுக்கு பின்னாடி ஒண்ணுமே இல்லன்னு அப்பா சொல்றாரு, அப்புறம் ஏன் இவ்ளோ விலை? ப்ராஃபிட் வந்தா டாக்ஸ் எவ்ளோ?

அப்பா சொல்றதுல பாதி சரி தம்பி. அதுல யாரோட கையெழுத்தும் இல்ல. 2008 அக்டோபர் 31-ம் தேதி சடோஷி நகமோட்டோங்கிற பேர்ல ஒரு ஒன்பது பக்க கட்டுரை வந்துச்சு, அந்த ஆள் யாருன்னு இன்னிக்கு வரைக்கும் தெரியாது, 2009 ஜனவரி 3-ம் தேதி முதல் பிளாக், அதாவது அந்தப் பேரேட்டோட முதல் பக்கம். நடுவுல ஒரு பேங்க் இல்லாமலே ஒரே காசை ரெண்டு பேருக்கு குடுத்து ஏமாத்த முடியாதபடி பண்ணினதுதான் அதுல இருந்த பெரிய மூளை. கையெழுத்துக்கு பதிலா விதி இருக்கு, மொத்தம் 2 கோடியே 10 லட்சம் காயினுக்கு மேல வராது, சுமார் நாலு வருஷத்துக்கு ஒருக்கா புதுசா வர்றது பாதியாகும், 2024 ஏப்ரல்ல ஒரு பிளாக்குக்கு 3.125-ன்னு ஆச்சு. வேணும்னு கேக்குறவங்க இருக்குற வரைக்கும் விலை இருக்கும், அவங்க பயந்தா விழும், அப்போ போய்க் கேக்க ஒரு ஆபீஸ் கிடையாது.

டாக்ஸ்: லாபத்துல 30 பர்சென்ட், மேல 4 பர்சென்ட் செஸ், விக்கும்போது 1 பர்சென்ட் டிடிஎஸ். பசங்க மாட்டுறது இங்கதான், ஒரு காயின்ல 50 ஆயிரம் லாபம், இன்னொண்ணுல 40 ஆயிரம் நஷ்டம்னா கையில நின்னது 10 ஆயிரம்தான், ஆனா நஷ்டத்தை கழிக்க விட மாட்டாங்க, முழு 50 ஆயிரத்துக்கும் வரி, 15,600 ரூபா. கையில இருந்து போட்டு கட்டணும். இதை தெரிஞ்சுக்கிட்டு, எஃப்ஐயு-ங்கிற, பண மோசடியைக் கண்காணிக்கிற மத்திய அரசு அமைப்புல பதிவு பண்ணின எக்ஸ்சேஞ்சா (காயின் வாங்கி விக்கிற இடம்) பார்த்து, ஃபீஸ் காசு தொடாம, போனாலும் பரவாயில்லங்கிற காசுல மட்டும் பண்ணு. அப்புறம் இந்தியாவுல கிரிப்டோ தடைன்னு சொல்றவங்களுக்கு, கிரிப்டோ வியாபாரத்துக்கு பேங்க் சேவை தரக்கூடாதுன்னு ஆர்பிஐ 2018-ல போட்ட சர்க்குலரை சுப்ரீம் கோர்ட் 2020 மார்ச்ல ரத்து பண்ணிடுச்சு. தடை இல்ல, ஆனா கடையில குடுத்தா வாங்கியே ஆகணும்ங்கிற பணமும் இல்ல.

பேரணாம்பட்டு: துபாய்ல இருக்குற என் அக்கா பையன் யுஎஸ்டிடி-யா அனுப்புறேன், சார்ஜ் கம்மின்றான், வாங்கலாமா?

ஆசை நியாயமானதுதான், வெளிநாட்டுல இருந்து 200 டாலர் அனுப்ப உலக அளவுல சராசரியா 6 பர்சென்ட்டுக்கு மேல போயிடுதுன்னு உலக வங்கி சொல்லுது, வெயில்ல நின்னு சம்பாதிச்ச காசு. யுஎஸ்டிடி மாதிரி ஸ்டேபிள்காயின் ஒரு டாலருக்கு ஒரு காயின்னு ஒரு தனியார் கம்பெனி கையெழுத்து போட்டு தர்றது, நிமிஷத்துல வந்துரும். ஆனா எல்லா ஸ்டேபிள்காயினும் பேருக்கு ஏத்த மாதிரி நிக்கல, 2022 மே மாசம் டெர்ரா யுஎஸ்டி ஒரு வாரத்துல மண்ணாப்போச்சு.

நம்ம ஊர்ல அதை விட பெரிய ஆபத்து வேற. காயினை ரூபாயா மாத்த பி2பி-ல, அதாவது ஆளுக்கு ஆள் நேரா, யாரோ ஒருத்தருக்கு விப்பீங்க, அவரு அனுப்புற ரூபாய் எங்கயோ ஏமாத்தின காசா இருந்தா வேற மாநில போலீஸ் உங்க கணக்கை முடக்கிருவாங்க. என்கிட்ட வந்த ஒருத்தர் 18 ஆயிரம் ரூபாய்க்காக ரெண்டரை மாசம் சம்பளக் கணக்கை தொட முடியாம அலைஞ்சாரு. பேங்க் வழியாவே, இல்ல லைசென்ஸ் உள்ள எக்ஸ்சேஞ்ச் ஹவுஸ் (வெளிநாட்டுல இருந்து பணம் அனுப்புற கம்பெனி) வழியாவே வாங்குங்க. சிங்கப்பூர்ல பிள்ளைங்க இருக்குறவங்களுக்கு 2023 பிப்ரவரியில இருந்து யுபிஐ-யும் அதே மாதிரி அங்க இருக்குற பேநவ்-வும் இணைஞ்சிருக்கு, அது நல்ல வழி.

ஆம்பூர், லெதர் எக்ஸ்போர்ட் பாய் ஒருத்தர்: எங்க தொழிலுக்கு பிளாக்செயினால பிரயோஜனம் உண்டா?

பாய், நான் ரொம்ப நாளா எழுதணும்னு இருந்தது இதுதான். பிளாக்செயின்னாலே காயின் விலைன்னு பேசுறாங்க, உண்மையில பணத்தை மாத்தப் போறது இந்தப் பக்கம்தான்னு என் எண்ணம். எல்சி (வாங்குறவரோட பேங்க் தர்ற பண உத்தரவாதம்) டாக்குமெண்ட் எத்தனை ஆயிரம் பார்த்திருக்கேன்! இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், மூணு ஒரிஜினல் பில் ஆஃப் லேடிங் (கப்பல் கம்பெனி தர்ற சரக்கு ரசீது), எல்லாம் கொரியர்ல போகணும், வாங்குறவங்க கம்பெனி பேர்ல ஒரு புள்ளி விட்டுப்போனா கூட டிஸ்கிரபன்சின்னு திருப்பிருவாங்க. சரக்கு ஹாம்பர்க் போய் இறங்கியிருக்கும், பேப்பர் வந்திருக்காது, தோல் ஷெட்ல வாரக்கூலி குடுக்க வேண்டிய காசு வராம நிக்கும்.

இதையே விக்கிறவரு, வாங்குறவரு, ரெண்டு பேங்க், கப்பல் கம்பெனி எல்லாரும் ஒரே பேரேட்டை ஒரே நேரத்துல பார்த்தா? 2018-லயே ரிலையன்ஸ் அமெரிக்காவுக்கு அனுப்பின ஒரு சரக்குக்கு எச்எஸ்பிசி-யும் ஐஎன்ஜி-யும் சேர்ந்து இப்படி பண்ணிக் காட்டினாங்க. இங்கிலாந்துல 2023-ல எலக்ட்ரானிக் டாக்குமெண்ட்டுக்கு பேப்பருக்கு சமமா சட்ட மதிப்பு குடுத்துட்டாங்க. ஆனா எளிசில்ல, கப்பல் கம்பெனி மெர்ஸ்க்கும் ஐபிஎம்மும் சேர்ந்து இதுக்காக நடத்தின டிரேட்லென்ஸ்ங்கிற தளத்தை 2022 கடைசியில மூடுறோம்னு அறிவிச்சாங்க, டெக்னாலஜி தோத்ததுன்னு சொல்ல முடியாது, தொழில்ல இருக்குற எல்லாரும் உள்ள வரல. ஊர்ல சந்தை போட்டு பாதிப் பேரு வரலன்னா அது சந்தையா சொல்லுங்க. இப்போதைக்கு உங்க பேங்க்ல எலக்ட்ரானிக் பில் ஆஃப் லேடிங் எடுத்துக்குவாங்களான்னு கேளுங்க, பையர்கிட்டயும் கேளுங்க, ஒரே ஒரு கன்சைன்மெண்ட்ல முயற்சி பண்ணுங்க.

ஆரணி, பட்டு நெசவு: கேஷ் ஒழிஞ்சிடுமா?

ஒழியாதுங்க. ஜவ்வாது மலையில டவர் கிடைக்காத ஊர்ல சந்தை நடக்குற வரைக்கும் நோட்டு இருக்கும். நெட் இல்லாம இ-ரூபாய் மாத்துற வழியும் ஆர்பிஐ கொண்டு வர்றாங்க, அது நல்லா வந்தா மலைக்கும் போகும்.

வாலாஜாபேட்டை: அப்பா இறந்துட்டாரு சார், அவர் டைரியில வரிசையா 12 இங்கிலீஷ் வார்த்தை எழுதி வெச்சிருந்தாரு, போட்டோ அனுப்பிருக்கேன், இது இன்னான்னு சொல்லுங்க.

தம்பி, அப்பாவுக்கு என் அஞ்சலி. அது கிரிப்டோ வாலட்டோட சாவி, 2048 வார்த்தை உள்ள ஒரு பட்டியல்ல இருந்து எடுத்த 12. அந்த வார்த்தைங்க யார்கிட்ட இருக்கோ காயின் அவங்களோடது, பேங்க் மாதிரி வாரிசு சான்றிதழ் காட்டி கேக்குற இடம் எதுவும் கிடையாது. அதுல எவ்வளவு இருக்குன்னு எனக்கும் தெரியாது, ஒண்ணும் இல்லாமலும் இருக்கலாம்.

நீ அனுப்பின போட்டோவை நான் என் போன்ல அழிச்சுட்டேன், பேக்கப்ல இருந்தும் எடுத்துட்டேன், நீயும் அழி, வேற யாருக்காவது அனுப்பியிருந்தா அவங்களையும் அழிக்கச் சொல்லு. திறந்து தர்றேன்னு யாராவது வந்தா டைரியை குடுக்காத, என்னை உள்பட யாருக்கும். ஞாயித்துக்கிழமை அம்மாவையும் தங்கச்சியையும் கூட்டிக்கிட்டு ஆபீஸுக்கு வா, உன் போன்லயே, உன் கையாலேயே, அவங்க ரெண்டு பேரும் பார்க்க திறப்போம், ஏதாவது இருந்தா அன்னிக்கே புது வாலட்டுக்கு மாத்திருவோம், அந்த 12 வார்த்தையை நான் திரும்பி உக்காந்துக்கிறேன், நீ மட்டும் டைப் பண்ணு.