செத்ததா, களைத்ததா? வீட்டு பேட்டரிகள் பற்றிய கேள்வி பதில்

பத்தொன்பது ஆண்டுகள் மின்சாதனம் பழுதுபார்க்கும் கவுண்டரில் இருந்தவள் நான். அங்கே வந்த கடிகாரங்களும் ரிமோட்டுகளும் பல நேரம் பழுதாகியிருக்கவே இல்லை. உள்ளே கிடந்த பேட்டரிதான் வம்பு செய்தது. அதைப் பற்றிச் சிங்கப்பூரின் பல வட்டாரங்களிலிருந்து வந்த கேள்விகள் இவை.

ஈசூன்: அக்கா, மகனின் பொம்மைக் காரை நகர்த்தாத பேட்டரியைச் சுவர்க் கடிகாரத்தில் போட்டேன். நான்கு மாதமாக ஓடுகிறது. செத்த பேட்டரி எப்படிப் பிழைத்தது?

அது சாகவில்லை, களைத்திருக்கிறது. அல்கலைன் பேட்டரியின் நடுவில் துத்தநாகத் தூள் பசைபோல இருக்கும்; சுற்றிலும் மாங்கனீசு டையாக்சைடு; இரண்டையும் நனைத்தபடி பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசல். துத்தநாகம் விட்டுக்கொடுக்கும் எலக்ட்ரான்கள் காரின் மோட்டார் வழியாகச் சுற்றி மாங்கனீசு பக்கம் போய்ச் சேர்கின்றன. இது நடக்க நடக்க பேட்டரியின் உள்தடை, அதாவது மின்னோட்டத்துக்கு உள்ளேயே எழும் எதிர்ப்பு, கூடுகிறது. மோட்டார் குடம் குடமாக மின்னோட்டம் கேட்கும்போது வோல்ட்டின் ஒரு பகுதி பேட்டரிக்குள்ளேயே விழுந்துவிடுகிறது. கடிகாரத்துக்கோ பாலாடை அளவு போதும். ஆகவே யாராவது பேட்டரி செத்துவிட்டது என்றால், எந்தக் கருவிக்குச் செத்தது என்று கேளுங்கள்.

தெம்பனிஸ்: தாத்தா ஊரிலிருந்து கொண்டுவந்த மூன்று கட்டை டார்ச் இருக்கிறது. ஒரு கட்டையை மட்டும் மாற்றினால் சிக்கனம்தானே?

இல்லை தம்பி, இந்தச் சிக்கனம் டார்ச்சையே தின்றுவிடும். வரிசையாகப் போட்ட மூன்றிலும் ஓடுவது ஒரே மின்னோட்டம். களைத்த கட்டை முதலில் தீர்ந்துபோகும். ஆனால் தெம்புள்ள மற்றவை விடாமல் அதன் வழியாக மின்னோட்டத்தைத் தள்ளிக்கொண்டிருக்கும். அப்போது அதன் வோல்ட் சுழிக்கு இறங்கி, பிறகு தலைகீழாகிவிடும். ஒருமுறை டார்ச்சை எரியவிட்டபடியே ஒவ்வொரு கட்டையாக மீட்டர் வைத்துப் பார்த்தேன். இரண்டு ஒழுங்காகக் காட்டின. மூன்றாவதில் எண்ணுக்கு முன்னால் கழித்தல் குறி. கம்பியை மாற்றிப் பிடித்துவிட்டேனோ என்று இன்னொரு முறை பார்த்தேன். அதே குறிதான். இப்படித் தலைகீழான கட்டைக்குள் வாயு சேரும், அழுத்தம் கூடும், அடைப்பு திறந்து கரைசல் கசியும். எனவே மாற்றினால் மூன்றையும் சேர்த்து, ஒரே வகையில் மாற்றுங்கள்.

பிடோக்: ரிமோட்டுக்குள் வெள்ளைத் தூள் படிந்திருக்கிறது. தூக்கி எறியவா?

எறிய வேண்டாம். கசிந்த பொட்டாசியம் ஹைட்ராக்சைடு காற்றிலுள்ள கார்பன் டையாக்சைடோடு சேர்ந்து பொட்டாசியம் கார்பனேட்டாகப் படிந்திருக்கிறது. கையுறை போட்டுக்கொண்டு பேட்டரிகளை எடுத்துவிடுங்கள். காதுகுடையும் பஞ்சுக்குச்சியில் ஒரு சொட்டு வினிகர் நனைத்துத் தடவினால் நுரைக்கும். நுரை நின்றதும் ஈரத்துணியால் துடைத்து நன்றாகக் காயவிடுங்கள். வினிகர் இல்லாவிட்டால் எலுமிச்சைச் சாறு. கையைக் கண்ணருகே கொண்டுபோக வேண்டாம்.

மாதக்கணக்கில் தொடாத கருவியில்தான் கசிவு அதிகம். கொலுவுக்கு வாங்கிய சீரியல் விளக்கைப் பெட்டியில் கட்டும் முன் பேட்டரியை வெளியே எடுத்துவிடுங்கள்.

பொங்கோல்: நள்ளிரவில் டிஜிட்டல் பூட்டு உயிரை விட்டது, வாசலில் நின்றோம். இனி என்ன செய்வது?

பெரும்பாலான பூட்டுகளின் வெளிப்பக்கத்தில், கீழே இரண்டு சிறிய உலோகப் புள்ளிகள் இருக்கும். 9 வோல்ட் பேட்டரியின் இரு முனைகளையும் அவற்றில் அழுத்திப் பிடித்தபடி எண்ணைத் தட்டினால் கதவு திறக்கும். அந்தச் சதுரப் பேட்டரி ஒன்றல்ல, ஆறு: 1.5 வோல்ட் குட்டிகள் ஆறு உள்ளே வரிசையாக இருக்கின்றன. ஒன்றை வாங்கி, வீட்டுக்குள் அல்ல, காரிலோ அண்டை வீட்டிலோ வைத்திருங்கள். உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு வந்தவர்களையும் பார்த்திருக்கிறேன்.

பூட்டின் கையேடு அனுமதித்தால் ஒழிய மறுமின்னேற்ற பேட்டரி போடாதீர்கள். அது 1.2 வோல்ட்; கடைசி வரை அதே அளவில் நின்று சட்டென்று விழும். அல்கலைன் மெல்ல மெல்ல இறங்குவதை வைத்துத்தான் பூட்டு முன்னெச்சரிக்கை கொடுக்கிறது.

செங்காங்: பேட்டரியைக் குளிர்பதனப் பெட்டியில் வைத்தால் நீண்ட நாள் வருமா?

நம் ஊர் ஈரத்தில் வெளியே எடுத்ததும் வியர்த்துவிடும். மிச்சமாவதைவிடத் துரு அதிகம். நிழலான அலமாரி போதும்.

ஜூரோங்: மேசைமேல் நிறுத்திப் போட்டால் துள்ளும் பேட்டரி தீர்ந்தது என்கிறார்கள். உண்மையா?

பாதி உண்மை. புதிதில் உள்ளேயிருக்கும் துத்தநாகப் பசை அடியை வாங்கிக்கொள்ளும்; பயன்பட்டபின் துத்தநாக ஆக்சைடாக இறுகுவதால் துள்ளும். ஆனால் பாதி தீர்ந்த நிலையிலேயே துள்ளல் உச்சத்தைத் தொட்டுவிடுகிறது என்று 2015இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆய்வு காட்டியது. துள்ளினால் பயன்பட்டது என்றுதான் பொருள், தீர்ந்தது என்றல்ல.

தோ பாயோ: மலிவான பேட்டரியில் 'ஹெவி டூட்டி' என்று போட்டிருக்கிறதே?

பெயரில் மட்டும்தான் பலம். அது துத்தநாக கார்பன் வகை. அல்கலைனைவிடக் கொள்ளளவு குறைவு. அதன் துத்தநாகக் குவளையே எரிபொருளும் என்பதால், தீரத் தீரச் சுவர் மெலிந்து ஒழுகும். கடிகாரத்துக்குப் போதும், பொம்மைக்குப் போதாது.

அங் மோ கியோ: பேரன் எடை பார்க்கும் கருவியின் வட்டப் பேட்டரியை வாயில் வைத்துக்கொண்டான். நல்லவேளை, பிடுங்கிவிட்டேன். விழுங்கியிருந்தால்?

அம்மா, இதை மட்டும் சற்றும் தள்ளிப்போடக் கூடாது. வட்டப் பேட்டரிகளில் ஒன்றான சிஆர்2032 என்பது 20 மில்லிமீட்டர் அகலமும் 3.2 மில்லிமீட்டர் கனமும் உள்ள 3 வோல்ட் லித்தியம் பேட்டரி. உணவுக்குழாயில் சிக்கினால், ஈரத்தின் வழியே மின்னோட்டம் பாய்ந்து அங்கேயே காரப்பொருள் (அல்கலி) உண்டாகித் திசுவை அரிக்கும். இரண்டு மணி நேரத்திலேயே கடுமையான காயம் ஆகலாம். எடைக் கருவிக்குத் தீர்ந்த பேட்டரிகூட இதற்குத் தீர்ந்ததல்ல. விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே ஆம்புலன்சுக்கு 995ஐ அழையுங்கள், அல்லது நேரே அவசரப் பிரிவுக்குப் போங்கள். வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. திருகாணி இல்லாத மூடியுள்ள கருவிகளைக் குழந்தைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.

உட்லண்ட்ஸ்: தீர்ந்ததைக் குப்பைக் குழாயில் போடலாமா?

மின்கழிவுத் தொட்டியில் போடுங்கள். 2021 ஜூலை 1 முதல் மின்கழிவைச் சேகரிக்கும் பொறுப்பு உற்பத்தியாளர்கள்மீது வைக்கப்பட்டிருக்கிறது. பேட்டரியும் அதில் அடங்கும். கடைத்தொகுதிகளில் தொட்டிகளைப் பார்க்கலாம். போடும் முன் 9 வோல்ட் பேட்டரியின் முனைகளிலும் வட்டப் பேட்டரியின் இரு பக்கங்களிலும் ஒட்டுநாடா ஒட்டுங்கள். இரண்டு முனையும் ஒரே சாவிக்கொத்தில் பட்டால் கை சுடும் அளவுக்குச் சூடேறும். நான் என் கைப்பையிலேயே பட்டறிந்தது அது.