கேட்டுப் பெறும் அன்பு

அன்புள்ள ஆசிரியருக்கு,

எங்களுக்குத் திருமணமாகி 18 ஆண்டுகள் ஆகின்றன. பெரிய சண்டைகள் எதுவும் இல்லை. சென்ற மாதம் என் அம்மா இறந்து ஓராண்டு நிறைந்தது. அன்று மாலை முழுவதும் பேசாமல் உட்கார்ந்திருந்தேன். என் கணவர் தாமாகக் கேட்கிறாரா என்று பார்ப்பதற்காக வேண்டுமென்றே வாய் திறக்கவில்லை. அவர் கேட்கவில்லை, தூங்கப் போய்விட்டார். இரண்டு நாள் கழித்து நான் அழுதபோது, "நீ தனியாக இருக்க விரும்புகிறாய் என்று நினைத்துத்தான் தொந்தரவு செய்யவில்லை" என்றார். இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் என் மனம் அவருக்குத் தெரியவில்லை என்றால் இது என்ன உறவு? வாய்விட்டுக் கேட்டுத்தான் பெற வேண்டுமென்றால் அந்த அன்புக்கு என்ன மதிப்பு?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி

*

அன்புள்ள வாசகிக்கு,

அந்த மாலையில் உங்களுக்கு இரண்டு துக்கங்கள் இருந்திருக்கின்றன. ஒன்று அம்மாவை இழந்தது. மற்றொன்று, அதைப் பகிர அருகிலேயே ஒருவர் இருந்தும் அவர் வராமல் போனது. இரண்டாவது துக்கம் சிறியது என்று நான் சொல்லமாட்டேன். ஆனாலும் உங்கள் கடைசிக் கேள்விக்கு என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கேட்டுப் பெற்ற அன்பு, கேளாமல் வந்த அன்பைவிட எவ்விதத்திலும் குறைந்ததன்று. அது குறைந்ததாக நமக்கு ஏன் தோன்றுகிறது என்பதைத்தான் சற்று விரிவாகப் பேச வேண்டும்.

சொல்லாமலே புரிந்துகொள்ளப்பட்ட காலம் ஒன்று நம் எல்லோர் வாழ்விலும் இருந்தது, அல்லது இருந்ததாக நாம் நம்புகிறோம். பசியா, வலியா, தூக்கமா என்பதை அழுகையிலிருந்தே ஒருவர் கண்டறிந்து ஓடி வந்தார். குழந்தைக்கும் அதைப் பேணுபவருக்கும் இடையிலான இந்தப் பிணைப்பை உயிர்வாழ்தலுக்கு அடிப்படையான ஒன்றாக 1969-இல் வெளிவந்த தன் நூலில் உளமருத்துவர் ஜான் பௌல்பி விளக்கினார். வளர்ந்தவர்களின் காதலிலும் அதே பிணைப்பின் இயல்புகள் தொடர்கின்றன என்று 1987-இல் உளவியலாளர்கள் சிண்டி ஹசானும் ஃபிலிப் ஷேவரும் காட்டினார்கள். ஆகவே, துயரப்படும் வேளையில் துணைவர் தாமாகவே அறிந்து வர வேண்டும் என்று மனம் எதிர்பார்ப்பதில் வெட்கப்பட ஏதுமில்லை. அந்த எதிர்பார்ப்பு மொழிக்கு முந்தியது.

ஆனால் அந்தத் தொடக்கக் காலத்தை நாம் இருந்ததைவிட நிறைவானதாக நினைவில் வைத்திருக்கிறோம். தாயும் குழந்தையும் முகம் பார்த்து விளையாடுவதை நொடி நொடியாகப் பதிவு செய்து ஆராய்ந்த உளவியலாளர் எட்வர்ட் ட்ரானிக், நல்ல உறவில் உள்ள இணைகள்கூட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு நேரமே ஒருவரோடு ஒருவர் ஒத்திசைந்திருந்ததைக் கண்டார். மற்ற நேரமெல்லாம் தவறாகப் படித்தலும், விலகலும், மீண்டும் சரிசெய்துகொள்ளலும்தான். எனக்கு இந்தச் செய்தி பெரிய ஆறுதலாக இருந்தது. தவறிய பின் திரும்பி வருவதைப் பலமுறை பார்த்துத்தான் குழந்தைக்கு நம்பிக்கை பிறக்கிறது.

உங்கள் கடிதத்தில் 'இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும்' என்று எழுதியிருக்கிறீர்கள். ஆண்டுகள் கூடக் கூட அறிதலும் கூடும் என்பது இயல்பான கணக்குதான், ஆனால் அது எப்போதும் பலிப்பதில்லை. உளவியலாளர்கள் கென்னத் சாவிட்ஸ்கியும் நிக்கோலஸ் எப்லி முதலியோரும் 2011-இல் வெளியிட்ட ஆய்வில், இருபொருள் படும் சாதாரண வாக்கியங்களைச் சொல்லி, கேட்பவர் அதை எந்தப் பொருளில் எடுத்துக்கொள்கிறார் என்று பார்த்தார்கள். அந்நியர்களைவிடத் தம் துணைவருக்கு நன்றாகப் புரிந்திருக்கும் என்று தம்பதியர் உறுதியாக நம்பினார்கள். உண்மையில் துணைவர்களின் புரிதல் அந்நியர்களுடையதைவிடச் சிறந்திருக்கவில்லை. அந்நியரிடம் பேசும்போது 'இவருக்குத் தெரியாது' என்ற கவனம் நமக்கு இருக்கிறது. நெருங்கியவரிடம் அந்தக் கவனம் தளர்ந்துவிடுகிறது. என் மனத்தில் இருப்பது அவர் மனத்திலும் இருக்கும் என்று எண்ணிவிடுகிறோம்.

அன்று மாலை இந்தத் தளர்ச்சி உங்கள் இருவரிடமும் இருந்தது என்றே நினைக்கிறேன். அவருக்குத் தெரிந்திருக்கும் என்று நீங்கள் நம்பினீர்கள். உங்களுக்கு என்ன வேண்டும் என்பது தனக்குத் தெரியும் என்று அவரும் நம்பினார். துக்கத்தில் தன்னை யாரும் அணுகாமல் இருப்பதையே அவர் பெரிய மரியாதையாகக் கருதுபவராக இருக்கலாம். தான் விரும்புவதையே அவர் உங்களுக்கும் கொடுத்திருக்கலாம். அது உங்களுக்கு வேண்டியதாக இல்லை என்பது உண்மை. ஆனால் அதை அலட்சியம் என்று படிக்க அவர் சொன்ன அந்த ஒரு வாக்கியம் இடம் கொடுக்கவில்லை.

ட்ரானிக்கின் இன்னொரு சோதனையையும் இங்கே சொல்ல வேண்டும். குழந்தையோடு சிரித்துப் பேசிக்கொண்டிருக்கும் தாய் சில நிமிடங்களுக்கு முகத்தில் எந்தச் சலனமும் காட்டாமல் இருக்கிறாள். குழந்தை சிரித்துப் பார்க்கிறது, கையை நீட்டுகிறது, குரல் எழுப்புகிறது. எதுவும் பலிக்காதபோது முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. உங்கள் கடிதத்தைப் படித்தபோது எனக்கு அந்தக் குழந்தைதான் நினைவுக்கு வந்தது. ஆனால் அன்று சலனமற்ற முகத்தோடு நீங்களும்தான் இருந்தீர்கள். அவரைச் சோதித்துப் பார்க்க உட்கார்ந்த மௌனம், அவர் அமர்ந்த இடத்திலிருந்து பார்த்தால், அணுகாதே என்று சொல்லும் மௌனமாகவே தோன்றியிருக்கக்கூடும். குற்றம் சுமத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. இத்தகைய சோதனைகளில் துணைவர் தோற்பது எளிது, ஏனெனில் சோதனை நடக்கிறது என்பதே அவருக்குத் தெரியாது.

மதிப்பைப் பற்றிக் கேட்டீர்கள். கேளாமல் அறிவது ஒரு திறமை. அது சிலருக்கு அன்பில்லாத இடத்திலும் வாய்த்திருக்கிறது, பலருக்கு அன்பிருந்தும் வாய்ப்பதில்லை. ஆனால் "எனக்கு இன்று தாங்க முடியவில்லை, பக்கத்தில் வந்து உட்காருங்கள்" என்று சொன்ன பிறகு ஒருவர் கையில் இருக்கும் வேலையை வைத்துவிட்டு வந்து அமர்கிறார் என்றால், அந்த வருகையில் அவருடைய விருப்பம் முழுமையாக இருக்கிறது. நீங்கள் கொடுத்தது செய்தியை மட்டும்தான்.

இது எல்லா உறவுக்கும் பொருந்தாது என்பதையும் மறைக்கக் கூடாது. தெளிவாகக் கேட்டும், பலமுறை கேட்டும், ஒருவர் திரும்பிப் பார்ப்பதில்லை என்றாலோ, கேட்டதற்காகவே இகழ்கிறார் என்றாலோ, அங்கே சிக்கல் புரிதலில் இல்லை. கேட்பதற்கே அஞ்ச வேண்டியிருக்கும் வீட்டில் இருப்பவருக்கு நான் வேறு பதில்தான் எழுதுவேன். உங்கள் கடிதத்தில் அந்த அச்சம் தெரியவில்லை.

அடுத்த ஆண்டு அந்த நாள் வரும்போது, முந்தைய இரவே அவரிடம் சொல்லுங்கள். அம்மாவைப் பற்றிப் பேச வேண்டுமா, பேசாமல் கையைப் பிடித்துக்கொண்டிருந்தால் போதுமா என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அதுவரை காத்திருக்க வேண்டாத ஒன்றும் இருக்கிறது. உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். அவர் யாரை இழந்திருக்கிறார், எந்த நாளில் அவர் வழக்கத்தைவிட அமைதியாகிவிடுகிறார், அப்போது தனிமையைத்தான் விரும்புகிறாரா என்பதைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை. இன்று மாலை அவரிடம் அதைக் கேளுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்