பார்த்துவிட்டு வருவதா, பழகிவிட்டு வருவதா?

வெளிநாட்டுப் பயணத்தில் உள்ளூர் மக்களோடு பழகுவது பற்றி வந்த கேள்விகளும் என் பதில்களும்.

கேள்வி: 12 நாள் விடுப்பில் 4 நாடுகளுக்குத் திட்டம் போட்டிருக்கிறேன். இதற்குள் மக்களோடு பழக நேரம் கிடைக்குமா?

பதில்: கிடைக்காது. பட்டியலிலிருந்து 3 நாடுகளை அடித்துவிடுங்கள். பெட்டி கட்டுவதிலும் விமான நிலையத்திலும் போகிற நாள்களைக் கழித்துப் பார்த்தால் உங்களுக்கே புரியும். ஒரே ஊரில், ஒரே தெருவில் தங்கித் தினமும் ஒரே கடையில் காலைக் காப்பி குடியுங்கள். நான்கைந்து நாளில் கடைக்காரர் நீங்கள் கேட்கும் முன்பே கோப்பையை எடுத்து வைப்பார். பேச்சு அங்கிருந்து தொடங்கும்.

கேள்வி: மொழிபெயர்ப்புச் செயலி இருக்கும்போது மொழி கற்க வேண்டுமா?

பதில்: வழி கேட்கச் செயலி போதும். ஆனால் அதை நீட்டியதும் இருவருமே திரையைப் பார்க்கிறோம், முகத்தைப் பார்ப்பதில்லை. வணக்கம், நன்றி, எண்கள் இவற்றோடு உறவுமுறைச் சொற்களையும் கற்றுக்கொள்ளுங்கள். வியட்நாமிய மொழியில் ‘நான்’, ‘நீங்கள்’ என்று சொல்லும் இடங்களில் பெரும்பாலும் அண்ணன், அக்கா, தம்பி போன்ற சொற்கள்தாம் வரும். அங்கே முதல் சந்திப்பிலேயே ஒருவர் உங்கள் வயதைக் கேட்டால் முகம் சுளிக்காதீர்கள். வயது தெரியாமல் உங்களை எந்த முறை சொல்லி அழைப்பது என்று அவருக்குத் தெரியாது. நமக்கு இது எளிதில் விளங்கும் விஷயம்தான்.

கேள்வி: வணக்கம் அம்மா. நான் கல்லூரி மாணவி. கம்போடியாவில் ஓர் அனாதை இல்லத்தில் இரண்டு வாரம் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்க ஒரு நிறுவனம் அழைக்கிறது, கட்டணமும் கேட்கிறது. சேரலாமா?

பதில்: சேராதே, மகளே. உன் மனம் நல்லது என்பதால்தான் விரிவாகச் சொல்கிறேன். கம்போடியாவில் இத்தகைய இல்லங்களில் இருக்கும் குழந்தைகளில் பெரும்பாலானோருக்குத் தாயோ தந்தையோ உயிரோடு இருக்கிறார்கள். படிப்பு கிடைக்கும் என்று நம்பி வறுமையில் இருக்கும் பெற்றோர் பிள்ளையை அனுப்பிவிடுகிறார்கள். பார்வையாளர்களும் தொண்டர்களும் கொண்டுவரும் பணத்துக்காகவே நடக்கும் இல்லங்களும் உண்டு. அங்கே குழந்தை வீடு திரும்பினால் வருமானம் போய்விடும். ஆஸ்திரேலியா 2018-இல் நவீன அடிமைமுறைச் சட்டத்தைக் கொண்டுவந்தபோது, இல்லங்களை நிரப்பக் குழந்தைகளைக் கடத்துவதையும் அந்த அடிமைமுறையின் ஒரு வடிவமாகக் கருதியது.

இன்னொன்றையும் யோசித்துப் பார். இரண்டு வாரம் உன் மடியில் உட்கார்ந்த குழந்தையை விட்டு நீ கிளம்புவாய். அடுத்த வாரம் வேறொருவர் வருவார், அவரும் கிளம்புவார். ஒட்டிக்கொண்டு பிரிவதையே அந்தக் குழந்தை திரும்பத் திரும்பப் படிக்கிறது. கற்பிக்க ஆசை என்றால் ஆசிரியர் பயிற்சி முடித்துவிட்டு, குறைந்தது ஒரு கல்வியாண்டுக்குப் போ. இல்லையென்றால் நீ கற்றுக்கொள்வதற்காகப் போ: நெசவோ மொழியோ, கட்டணம் கொடுத்து அவர்களிடம் மாணவியாக உட்கார்.

கேள்வி: கிராமத்து வீடுகளில் தங்க விரும்புகிறேன். எப்படித் தேர்ந்தெடுப்பது?

பதில்: பணம் யார் கைக்குப் போகிறது, முடிவை யார் எடுக்கிறார்கள் என்று முதலில் கேளுங்கள். பெருவில் டிட்டிகாகா ஏரியில் டக்கிலே என்ற தீவு இருக்கிறது. வருகிற விருந்தினரைக் குடும்பங்களுக்கு முறைவைத்துப் பிரித்தனுப்பும் ஏற்பாட்டை அங்கே ஊர்க்காரர்களே செய்துகொண்டார்கள். அந்தத் தீவின் துணிக்கலையை 2005-இல் யுனெஸ்கோ சிறப்பித்தது. அங்கே ஆண்கள்தாம் தொப்பி பின்னுவார்கள். மணமானவரா இல்லையா என்பதைத் தொப்பியின் நிறமே சொல்லிவிடும். நான் தங்கிய வீட்டில் பெரியவர் நூலைக் கழுத்தைச் சுற்றிவிட்டு, மெல்லிய ஊசிகளால் கண்ணி கண்ணியாகப் பின்னிக்கொண்டிருந்தார். என்ன பேசுவதென்று தெரியாமல், அருகில் சிக்கிக் கிடந்த நூலை எடுத்துச் சிக்கெடுக்கத் தொடங்கினேன். அரைமணி நேரம் இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. பிறகு என் கையிலிருந்த உருண்டையை வாங்கிப் பார்த்து, இன்னும் இறுக்கமாகச் சுற்றச் சொல்லிச் சைகை காட்டினார். அன்று முதல் என்னை அடுப்படியிலேயே உட்காரவைத்தார்கள்.

கேள்வி: செலவில்லாமல் தங்க வழி உண்டா?

பதில்: 1949-இல் தொடங்கிய செர்வாஸ் அமைப்பின் உறுப்பினர்கள் பயணிகளைப் பணம் வாங்காமல் வீட்டில் தங்கவைக்கிறார்கள், சேருவதற்கு முன் நேர்காணல் உண்டு. 1971-இல் இங்கிலாந்தில் தொடங்கிய வூஃப் (WWOOF) என்ற அமைப்பின் வழியாக இயற்கைப் பண்ணைகளில் வேலை செய்து, உணவும் இடமும் பெறலாம். கூலி இல்லாவிட்டாலும் இதை வேலையாகவே கருதும் நாடுகள் உண்டு. விசா விதியைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். மிச்சம் பிடிப்பதற்காக மட்டும் என்றால் இரண்டிலும் சேர வேண்டாம். வீட்டைத் திறந்துவிடுகிறவர் உங்களோடு பேச உட்காருவார்.

கேள்வி: சடங்குகளைப் படம் எடுக்கலாமா?

பதில்: லாவோஸில் லுவாங் பிரபாங்கில் விடியற்காலையில் பிக்குகள் வரிசையாகப் பிச்சை ஏற்க வருவார்கள். அது வழிபாடு. தள்ளி நின்று, ஃபிளாஷ் இல்லாமல், வரிசையின் குறுக்கே போகாமல் பாருங்கள். என்னைக் கேட்டால், முதல் நாள் கேமராவை அறையிலேயே வைத்துவிடுங்கள்.

கேள்வி: கூச்ச சுபாவம் எனக்கு. யாரிடமும் போய்ப் பேச வராது.

பதில்: பேச வேண்டாம், சேர்ந்து ஏதாவது செய்யுங்கள். 2004-இல் லண்டனில் ஒரு பூங்காவில் தொடங்கிய ‘பார்க்ரன்’ என்ற கூட்டு ஓட்டம் இன்று பல நாடுகளில் நடக்கிறது. பெரும்பாலும் சனிக்கிழமை காலை, 5 கிலோமீட்டர், கட்டணம் இல்லை, நடந்தும் முடிக்கலாம். வேர்க்க விறுவிறுக்க முடித்துவிட்டு நிற்கும்போது பக்கத்திலிருப்பவரே பேச்சுக் கொடுப்பார்.

கேள்வி: திரும்பிய பிறகு அவர்களுக்கு என்ன அனுப்பலாம்?

பதில்: எடுத்த படத்தைக் காகிதத்தில் அச்சிட்டுத் தபாலில் அனுப்புங்கள். அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனவர்கள் பலரை அவர்கள் பார்த்திருப்பார்கள்.